புண் ஓரிடம், தேய்வு வேறிடம்



பக்கவாதம் என்றதும் நம் கண்முன் வருவது கோணிய வாய், தொங்கும் கை, இழுத்து நடக்கும் கால். நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் பார்க்க வருகிற உறவினர் எல்லோரும் "கையத் தூக்குறாரா? தானா நடக்குறாரா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்து எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் குடும்பங்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மகள் சொல்வார்: "அப்பா நல்லா நடக்குறார் சார். கையெழுத்துகூடப் போடுறார். ஆனா காலையில மாத்திரை போட்டதே ஞாபகம் இல்ல. போட்டாச்சுப்பான்னு சொன்னா சண்டைக்கு வர்றார்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா விட்டுக்கொடுக்கமாட்டார்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். அவருக்கு எப்பவுமே மறதிதான்."

நரம்பியல் மருத்துவர்கள் அனைவரும் பலமுறை கேட்ட உரையாடல் இது. பக்கவாதத்துக்குப் பிறகு மறதி வந்தது என்கிறார் மகள். முன்பே இருந்தது என்கிறார் மனைவி. இதில் யார் சொல்வது சரி? கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக மூளையைப் படம் எடுத்து ஆராய்கிறவர்களைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பார்கள். அது எப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நினைவு எங்கே பதிகிறது என்று பார்ப்போம். காதுக்கு உள்பக்கமாக, மூளையின் பொட்டு மடலின் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு உறுப்புகள் வளைந்து கிடக்கின்றன. ஹிப்போகாம்பஸ் என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 முதல் 3.5 கன சென்டிமீட்டர்தான் இருக்கும். நேற்று யார் வந்தார், காலையில் என்ன சாப்பிட்டோம், சாவியை எங்கே வைத்தோம் என்பவற்றை எல்லாம் முதலில் பிடித்துப் பதிவு செய்வது இதுதான். 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், வலிப்பு நோய்க்காக இரு பக்கத்து ஹிப்போகாம்பஸையும் பெருமளவு வெட்டி எடுக்கப்பட்ட ஹென்றி மொலைசனின் கதையை உங்களில் சிலர் படித்திருக்கலாம். அதன்பின் 2008-ல் இறக்கும்வரை அவரால் புதிய நிகழ்வுகளை நினைவில் வைக்க முடியவில்லை. பாடப்புத்தகங்களெல்லாம் அவரைப் பற்றித்தான் பேசுகின்றன. நம்முடைய தலைப்புக்கு அவரைவிட நெருக்கமானவர் இன்னொருவர் இருக்கிறார். அவர் அவ்வளவு பிரபலம் இல்லை.

மருத்துவ ஏடுகளில் அவர் பெயர் ஆர்.பி. என்ற இரண்டு எழுத்து மட்டுமே. 1978-ல் 52 வயதில் அவருக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதைத் தொடர்ந்து ஏற்பட்ட சிக்கலில் மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் குறைந்தது. கை கால் விழவில்லை, பேச்சும் போகவில்லை, புத்திக் கூர்மைச் சோதனையில் சராசரிக்கு மேலேயே மதிப்பெண் எடுத்தார். ஆனால் சற்றுமுன் சொன்ன கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் சொல்ல வராது. பிள்ளைகளுடன் தொலைபேசியில் பேசிவிட்டு மறுநாள் பேசியதையே மறந்துவிடுவார். ஐந்து ஆண்டுகள் இப்படி வாழ்ந்து இறந்தார். ஸ்டூவர்ட் ஜோலா-மார்கன், லேரி ஸ்குவயர், டேவிட் அமரால் ஆகிய மூவரும் அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்து 1986-ல் எழுதினார்கள். மூளை ஏறக்குறைய முழுதாக இருந்தது. ஹிப்போகாம்பஸுக்குள் சிஏ1 எனப்படும் ஒரே பட்டை மட்டும், இரு பக்கமும், முன்னிருந்து பின்வரை அழிந்திருந்தது. அந்த ஒரு பட்டை போனதே அவ்வளவு மறதிக்கும் போதுமானதாக இருந்தது.

சிஏ1 நரம்பு செல்கள் ரத்தப் பஞ்சத்தைத் தாங்கமாட்டாதவை. ஜப்பானிய ஆய்வாளர் தகாக்கி கிரினோ 1982-ல் ஜெர்பில் என்ற எலி இனத்தில் இதைக் காட்டினார். கழுத்து ரத்தக்குழாய் இரண்டையும் ஐந்து நிமிடம் அடைத்துவிட்டுத் திறந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் சிஏ1 செல்கள் நன்றாகவே இருந்தன. நான்காம் நாள் பார்த்தபோது பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. அடி விழுந்த அன்று சாகாமல் சில நாள் கழித்துச் சாகும் இந்தச் சாவுக்குத் 'தாமதமான நரம்புச் சாவு' என்று பெயர் வைத்தார்கள். மருத்துவத்தில் இது பெரிய திருப்பம். அதுவரை மூளைச் சேதம் என்றால் அந்த நிமிடமே நடந்து முடிகிற காரியம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஆனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்.பி.க்கும் ஜெர்பிலுக்கும் மூளையின் பெரும்பகுதிக்கே ரத்தம் குறைந்தது. நம் வீட்டுப் பெரியவருக்கு வருகிற பக்கவாதம் அப்படிப்பட்டது அல்ல. பெரும்பாலும் நடுப்பெருமூளைத் தமனி என்ற ஒரு குழாயிலோ அதன் கிளையிலோ ரத்தக்கட்டி அடைக்கிறது. அந்தக் குழாய் போகும் இடம் மட்டும் அடிபடுகிறது. ஹிப்போகாம்பஸுக்கு ரத்தம் வருவதோ முக்கியமாகப் பின்பெருமூளைத் தமனி வழியாக. அது வேறு குழாய், வேறு பாதை. நியாயமாகப் பார்த்தால், நெற்றி மடலிலோ உச்சி மடலிலோ ஒரு துண்டு செத்துப்போனவருக்கு ஹிப்போகாம்பஸ் அப்படியே இருக்க வேண்டும். இல்லை என்பதைத்தான் ஸ்கேன் படங்கள் காட்டின.

ஸ்கேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பக்கவாதம் வந்த முதல் நாளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் நாங்கள் பார்ப்பது 'டிஃப்யூஷன்' படம். செல்களுக்குள் தண்ணீர் மூலக்கூறுகளின் நடமாட்டம் முடங்கிய இடம் அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். குடும்பத்தாருக்குக் காட்டுவதும் அந்த வெள்ளைத் திட்டைத்தான். "இங்கதாம்மா அடைச்சிருக்கு" என்போம். அதோடு வேலை முடிந்தது. ஹிப்போகாம்பஸை அளக்க வேண்டுமானால் வேறு மாதிரி படம் எடுக்க வேண்டும். மில்லிமீட்டர் கனத்தில் மூளை முழுவதையும் சீவி எடுக்கும் 'டி1' படம் அது. அதை நெற்றிக்கு இணையான திசையில் வெட்டிப் பார்த்தால், பொட்டு மடலின் உள்விளிம்பில் இரண்டு சாம்பல் நிறச் சுருள்கள் தெரியும். அவற்றைச் சுற்றி மூளைத் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஆரோக்கியமான மூளையில் அந்தக் கறுப்பு மெல்லிய கீறலாகத்தான் இருக்கும். சுருங்கிய மூளையில் கீறல் அகன்று பிளவாகிவிடும். முன்பெல்லாம் ஒருவர் கணினித் திரையின் முன் உட்கார்ந்து சீவல் சீவலாக ஓரத்தைக் கையால் வரைந்து அளப்பார். இப்போது 'ஃப்ரீசர்ஃபர்' போன்ற மென்பொருள்கள் தாமாகவே அளந்து, தலையின் அளவுக்கேற்பக் கணக்கைச் சரிசெய்ய வழிசெய்கின்றன.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பாருங்கள். அடைப்பு எங்கே, எவ்வளவு பெரிது, ரத்தக்கசிவு உண்டா என்று விலாவாரியாக எழுதியிருக்கும். கடைசியில் 'ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ரோஃபி', அதாவது வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம், என்று ஒரு வரி இருக்கும். அறுபது வயதைத் தாண்டியவர்களின் ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். எழுதுகிறவரும் யோசிப்பதில்லை, படிக்கிற நாங்களும் நிற்பதில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடப்பதைப் பற்றித்தான்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஏமி பிராட்மன் என்ற நரம்பியல் மருத்துவரின் தலைமையில் 'கேன்வாஸ்' என்ற ஆய்வு நடந்தது. ஆஸ்டின், பாக்ஸ் ஹில், ராயல் மெல்போர்ன் ஆகிய மூன்று மருத்துவமனைகளில் பக்கவாதத்துக்காகச் சேர்ந்தவர்களில் 135 பேரையும், பக்கவாதம் வராத 40 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், மூன்றாம் மாதம் ஒன்று, ஓராண்டில் ஒன்று, பிறகு மூன்றாம் ஆண்டு. ஒவ்வொரு முறையும் நினைவுச் சோதனை. ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில் மறுபடி மறுபடி படம் எடுத்ததுதான் இதன் பலம். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு சுருங்கியதா, பிறவியிலேயே சிறியதா என்று சொல்ல முடியாது.

அவர்கள் கண்டது இரண்டு. ஒன்று, முதல் ஆறு வாரத்துக்குள் எடுத்த படத்திலேயே பக்கவாதக்காரர்களின் ஹிப்போகாம்பஸ் மற்றவர்களுடையதைவிடச் சிறியதாக இருந்தது. ஆறு வாரத்தில் இவ்வளவு தேய்ந்திருக்க நியாயம் இல்லை. பல ஆண்டு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் முன்பே அரித்துவைத்திருந்த மூளையில்தான் பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். ஆக, "எப்பவுமே மறதிதான்" என்ற அம்மாவின் சாட்சியத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. இரண்டாவது, முதல் ஓராண்டுக்குள் மூளை மேலும் சுருங்கியது. பக்கவாதம் தாக்கிய அதே பக்கத்து ஹிப்போகாம்பஸும், மூளையின் நடுவே இருக்கும் தாலமஸும் பக்கவாதம் வராதவர்களுடையதைவிடக் கூடுதலாகத் தேய்ந்தன. இது மகளின் பக்கம்.

நெதர்லாந்தின் நைமேகனில் நடந்த ஆய்வு இதைவிட யோசிக்கவைப்பது. 18 முதல் 50 வயதுக்குள் பக்கவாதம் வந்தவர்களைப் பல ஆண்டு கழித்துக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். இவர்கள் விஷயத்தில் முதுமையின் மேல் பழியைப் போட முடியாது. அவர்களிடமும் எந்தப் பக்கம் தாக்கியதோ அந்தப் பக்கத்து ஹிப்போகாம்பஸ் சிறுத்திருந்தது. இடது மூளை தாக்கப்பட்டவர்களில் இடது ஹிப்போகாம்பஸ் எவ்வளவு சிறியதோ, அந்த அளவுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் சோதனையில் பின்தங்கினார்கள்.

படத்தில் தெரிவது கொள்ளளவு மட்டும்தான். உள்ளே செல்களுக்கு என்ன ஆயிற்று என்பதை உடற்கூறாய்வுதான் சொல்லும். இங்கிலாந்தின் நியூகாசிலில் ராஜ் கலரியாவின் குழுவினர், 75 வயதைத் தாண்டிய, பக்கவாதம் வந்தும் அப்போது டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இல்லாதவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இறந்தபின் மூளையைத் தானமாகப் பெற்று ஆராய்ந்தார்கள். பின்னாளில் மறதி நோய் வந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் நியூரான்கள், மறதி வராமலேயே இறந்தவர்களுடையதைவிட 10 முதல் 20 சதவீதம் பருமன் குறைந்திருந்தன. அல்சைமர் நோயில் காணும் புரதப் படிவுகளை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை.

சரி, ரத்தம் குறையாத இடம் ஏன் தேய வேண்டும்? ஒரே காரணம் சொல்ல முடியாது. மிகப் பழைய விளக்கத்தைச் சொன்னவர் கான்ஸ்டன்டின் ஃபான் மொனாகோவ். 1914-லேயே அவர், மூளையின் ஓரிடம் அடிபட்டால் அதனோடு தொடர்புள்ள தூரத்து இடமும் சோர்ந்துபோகும் என்று எழுதினார். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டால், பழைய நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையை யாரும் இடிக்க வேண்டியதில்லை. ஆள் வரத்து நின்று கடை தானே படுத்துவிடும். நெற்றி மடலிலிருந்தும் தாலமஸிலிருந்தும் வரும் தகவல் வரத்து அறுந்தால் ஹிப்போகாம்பஸின் கதியும் அதுதான்.

இரண்டாவது காரணம் அழற்சி. ஸ்டான்ஃபோர்டில் மேரியன் பக்வால்டரின் ஆய்வகம் 2015-ல் வெளியிட்ட எலிச் சோதனை இதில் முக்கியமானது. மூளையின் மேல்பட்டையில் பக்கவாதம் உண்டாக்கிய எலிகளுக்கு ஒரு வாரம் கழித்து நினைவு நன்றாகவே இருந்தது. ஏழு வாரம் கழித்துச் சோதித்தால் தடுமாறின. இடைப்பட்ட காலத்தில் பி-லிம்போசைட் என்ற நோயெதிர்ப்பு செல்கள் சேதமடைந்த இடத்தில் வந்து குவிந்து, எதிர்ப்புரதங்களைச் சுரந்துகொண்டிருந்தன. அந்த செல்களை மருந்து கொடுத்து நீக்கிய எலிகளுக்கு நினைவு குன்றவில்லை. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எலியில் பலித்து மனிதரில் தோற்ற பக்கவாத மருந்துகளின் பட்டியல் மிக நீளம். ஆனாலும், "ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றப்ப நல்லாத்தான் இருந்தார், அப்புறம்தான் இப்படி ஆயிட்டார்" என்று வீட்டில் சொன்னால், கற்பனை என்று நாங்கள் தள்ளிவிட முடியாது.

மனிதரிடமும் இந்தத் தாமதச் சரிவைக் காட்டிய, 'ரிகார்ட்ஸ்' என்ற பெரிய ஆய்வு அமெரிக்காவில் இருக்கிறது. அதில் சேர்ந்தவர்களில் 23,572 பேருக்குப் பக்கவாதம் வருவதற்கு முன்பிருந்தே அறிவுத்திறன் சோதனைகள் நடந்துவந்தன. அவர்களில் 515 பேருக்குப் பின்னர் பக்கவாதம் வந்தது. பக்கவாதம் வந்ததும் புதிதாகக் கற்பதிலும் சொற்களை நினைவில் வைப்பதிலும் ஒரு திடீர்ச் சரிவு. அதோடு நிற்கவில்லை; பொது அறிவுத்திறனும் திட்டமிட்டுச் செய்யும் திறனும் அடுத்து வந்த ஆண்டுகளில் முன்னைவிட வேகமாகத் தேய்ந்துகொண்டே போயின. 2015-ல் இது வெளியானது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நாளைக்கே ஸ்கேன் சென்டருக்குப் போய் "ஹிப்போகாம்பஸ் அளவு எடுத்துக் கொடுங்க" என்று யாரும் நிற்க வேண்டாம். நான் சொன்ன அளவுகள் எல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. தனி மனிதர் விஷயத்தில் சராசரி பெரிதாகக் கைகொடுக்காது. சிறிய ஹிப்போகாம்பஸை வைத்துக்கொண்டு பேரன் பேத்தி பிறந்தநாள் முதல் பால் கணக்குவரை ஒன்று விடாமல் சொல்கிறவர்கள் உண்டு. அளவு சரியாக இருந்தும் தடுமாறுகிறவர்கள் உண்டு. அளப்பதிலும் குழப்பம் இருக்கிறது. பக்கவாதத்தின் முதல் வாரங்களில் மூளை வீங்கியிருக்கும். அது வடியும்போது சுருங்கியதுபோலத் தெரியும். சேதமான இடத்தைக் கண்டு மென்பொருள் ஓரத்தைத் தப்பாகப் போடும். நோயாளி தலையை அசைத்துவிட்டால் கணக்கே மாறும். வேறு வேறு எந்திரத்தில் எடுத்த இரண்டு படத்தை ஒப்பிடுவதும் ஆபத்து. ஆராய்ச்சிக்கு இந்த அளவு தங்கம். மருத்துவமனையில் ஒருவருடைய எதிர்காலத்தை அதை வைத்து ஜோசியம் சொல்வது தவறு.

நோயாளிக்கு உடனே பயன்படுவது பேனாவும் தாளும்தான். மாண்ட்ரியலில் சியாத் நஸ்ரெதீன் வடிவமைத்து 2005-ல் வெளியிட்ட 'மோக்கா' என்ற 30 மதிப்பெண் சோதனை தமிழிலும் இருக்கிறது. நோயாளியைக் கடிகாரம் வரையச் சொல்கிறோம். ஐந்து சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். பிறகு 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறோம். ஐந்து நிமிடம் கழித்து அந்த ஐந்து சொற்களையும் மறுபடி கேட்கிறோம். அப்போதுதான் உண்மை வெளியே வரும். சிலர் ஒரு சொல்கூட வராமல் விழிப்பார்கள். "பழம்னு ஒண்ணு சொன்னேன்" என்று குறிப்புக் கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள் சிலர். குறிப்புக் கொடுத்தாலும் வராதவருக்குச் சொல் உள்ளே பதியவே இல்லை. குறிப்பில் வந்துவிட்டால் பதிந்திருக்கிறது, தேடி எடுக்கத்தான் முடியவில்லை. முதல் வகையில் ஹிப்போகாம்பஸின் மேல் சந்தேகம் கூடும். இரண்டாவது வகை பக்கவாதக்காரர்களிடம் நாங்கள் அடிக்கடி காண்பது. இந்த வேறுபாட்டை எந்த ஸ்கேனும் இவ்வளவு மலிவாகச் சொல்லாது. பேச்சு போனவருக்கு இந்தச் சோதனை சரிவராது. மனச்சோர்வில் இருப்பவருக்கும் மதிப்பெண் குறையும். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு மிகச் சகஜம், அதற்கு மருந்து உண்டு. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி, என்ன செய்யலாம் என்ற கேள்வி. பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மறதிக்கென்று நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. மூளைக்கு டானிக் என்று எழுதிக் கொடுக்கப்படும் மாத்திரைகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் வீட்டுக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. காரணம் இருக்கிறது. 6,105 பேர் கலந்துகொண்ட 'ப்ரோக்ரஸ்' ஆய்வில், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரிண்டோபிரில் மாத்திரையும், பலருக்கு அதோடு இண்டபமைடும் கொடுத்து ரத்த அழுத்தத்தைக் குறைத்தார்கள். மறுபடி பக்கவாதம் வந்து அதோடு மறதி நோயும் வருவது 34 சதவீதம் குறைந்தது. 2003-ல் வந்த முடிவு இது. மாத்திரை இரண்டும் புதியவை அல்ல, விலை அதிகமும் அல்ல.

மறுபக்கவாதத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஆக்ஸ்ஃபோர்டின் சாரா பெண்டில்பரியும் பீட்டர் ராத்வெல்லும் 2009-ல் தொகுத்த கணக்குதான் காரணம். பக்கவாதம் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அதற்கு முன்பே மறதி நோய் இருந்தது. முதல் பக்கவாதத்துக்குப் பிறகு சீக்கிரமே இன்னும் பத்தில் ஒருவருக்கு வந்தது. மறுபடி பக்கவாதம் வந்தவர்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் இடையே இருக்கிற காலம்தான் நம் கையில் இருப்பது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஒழுங்கில்லாத இதயத் துடிப்பு, புகை எல்லாம் கட்டுக்குள் வர வேண்டிய காலம் அது.

நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஓராண்டு வேகநடை பழகினார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த முதியவர்கள் பக்கவாதக்காரர்களும் அல்ல. ஆனாலும் நடப்பதால் ரத்த அழுத்தம் குறைகிறது என்பதில் சந்தேகமே இல்லை. எனவே நான் தயங்காமல் சொல்கிறேன், நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருந்தால், மூன்றாம் மாத மறுபரிசோதனைக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். தன் மறதியைத் தானே சொல்லப் பல நோயாளிகளுக்குத் தெரியாது. கூடவே இருப்பவர் போங்கள். மகளும் அம்மாவும் சேர்ந்தே போங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை, டாக்டருக்கு அந்தச் சண்டையே ஒரு தகவல். "நினைவுச் சோதனை ஒண்ணு செய்யுங்க டாக்டர்" என்று கேளுங்கள். மதிப்பெண்ணைத் தேதி போட்டு ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதோடு ஒப்பிட வேண்டியிருக்கும். முதல் நாள் எடுத்த ஸ்கேன் சி.டி.யையும் பிலிமையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள். மறுபடி ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், போன படத்தைவிட இதில் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள்.